தெரிந்த எடை

பிப்ரவரி 3, திங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. தப்பித் தவறி எடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குச் சண்டை வந்துவிடும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அது எனக்குக் கொஞ்சம் வசதி.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உன் இதயச் செல்களை அளந்துவிட்டேன். நன்றாக இருக்கின்றன.

இனி நிதானமாகப் படி. இரண்டு வருடத்துக்கு முன் உன் கையிலிருந்து எடுத்த தோலை இங்கே மெல்ல மெல்லப் பழக்கி இதயத் தசைச் செல்களாக மாற்றியிருக்கிறோம். தட்டில் தானாகவே துடிக்கின்றன. நீ என்னோடு பேசாமல் இருந்த நாளெல்லாம் அவை என் கண்ணெதிரே துடித்துக்கொண்டிருந்தன என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது.

அளப்பது இப்படி. சிலிக்கோன் என்று ரப்பர் மாதிரி வளையும் பொருள் ஒன்று இருக்கிறது. அதை அச்சில் ஊற்றித் தலைமயிரைவிட மெல்லிய தூண்களாக வார்ப்போம், சீப்பின் பற்கள் மாதிரி வரிசை வரிசையாக. அவற்றின் மேல் ஒரே ஒரு செல்லை உட்கார வைப்போம். அது சுருங்கும்போது தூண்களின் தலை உள்ளே சாயும். எவ்வளவு சாய்கிறது என்று கேமரா சொல்லும். தூண் எவ்வளவு விறைப்பு என்பது நமக்குத் தெரிந்தால், செல் எவ்வளவு இழுக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். அளவு நானோநியூட்டனில் வரும். ஒரு கிராம் எடையைக் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள். நோயில்லாதவர்களின் செல் சராசரியாக இருநூறு இழுக்கிறது. உன்னுடையது இருநூற்றுப் பன்னிரண்டு. அறுபத்து மூன்று செல் பார்த்த பிறகே சொல்கிறேன்.

அப்பாவுக்கு இருந்தது உனக்கும் இருந்திருந்தால் இதைவிட வெகு பலமாக இழுத்திருக்கும். அந்த நோயில் இதயம் சோர்ந்து போவதில்லை. அளவுக்கு மீறி இழுத்து இழுத்துச் சுவர் தடித்துப் போகிறது. பிறகு ஒரு நாள் தாளம் தப்பி நின்றுவிடுகிறது. அப்பா மாடிப்படியில், ஏழாவது படியில், "சாவி எங்க வச்சீங்க?" என்று கேட்டபடியே விழுந்தாரே, அதுவரை அவர் ஒரு மாத்திரை விழுங்கியதில்லை. அவருக்கு நாற்பத்தாறு வயது. பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, நீ துறைமுகத்துக் கிரேனில் ஏறும் நேரத்துக்கு நான் தினமும் கடிகாரத்தைப் பார்ப்பேன். உன் மனைவிக்கு இப்போது ஐந்தாம் மாதம். இனி அவளும் நிம்மதியாகத் தூங்கட்டும்.

ஒரு விஷயம், இதை வெளியே சொல்லாதே. எங்களுக்குச் செல்கள் வெறும் எண்ணாகத்தான் வரும், யாருடையது என்று அளப்பவருக்குத் தெரியக் கூடாது. எங்கள் சோதனைக்கூடத்தை நடத்தும் மேடத்தின் மேசையில் பதிவேடு திறந்து கிடந்தது. நான் பார்த்துவிட்டேன். நீ பதினேழு.

"உன் செல் எங்கே?" என்று வழக்கம்போல் என்னைக் கேட்காதே. அளப்பவர்கள் தங்கள் செல்லைக் கொடுக்கக் கூடாது என்பது இங்கே விதி.

அக்கா

பிப்ரவரி 11, செவ்வாய்

ஸ்கேல் அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. கிழிக்க எடுத்தேன், உன் தம்பி மனைவி பிடுங்கிவிட்டாள்.

ஞாயிறுதோறும் என்னைக் கதவோடு நிற்க வைத்து உயரம் குறித்தாய். மீசை முளைத்தபோது அதற்கும் ஸ்கேல் வைத்து நான்கு மில்லிமீட்டர் என்று ஊருக்கெல்லாம் அறிவித்தாய். வெளியே அளந்து முடித்துவிட்டு இப்போது உள்ளே புகுந்திருக்கிறாய்.

ஆனால் ஒன்று சொல்லாமல் விட மாட்டேன். அப்பா போன ஒன்பதாம் நாள். துக்கம் கேட்க வந்தவர்கள் நாற்காலியை விட்டுக்கூட எழவில்லை. நீ ஒரு டாக்டரையும் ஐஸ் பெட்டியையும் கூட்டிக்கொண்டு வந்து, "கையைக் காட்டுடா, அரிசி அளவு தோல்தான்" என்றாய். காட்டினேன். புண் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. நீ கேட்ட விதம் மட்டும் இன்னும் ஆறவில்லை. அவர் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, அக்கா.

சரி, போகட்டும். உன் கடிதத்தை அவள் மூன்று தரம் படித்தாள். அழுதாள். அழுது முடித்துவிட்டுத் தொட்டில் பார்க்கப் போகலாம் என்று கிளம்பினாள். இருபதாம் தேதிக்கு அவள் எனக்காக நச்சரித்து வாங்கி வைத்திருந்த இதய ஸ்கேனை ரத்து செய்துவிட்டேன். அதுதான் அக்காவே சொல்லிவிட்டாளே.

பலமாக இழுப்பது ஒரு நோய் என்கிறாய். கேட்கவே வேடிக்கையாக இருக்கிறது. அப்பா பீரோவை ஒற்றைக் கையால் நகர்த்துவார், நாம் இருவரும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம்.

ஒரு சந்தேகம், தொழில் சந்தேகம். எங்கள் கிரேன் கேபினில் ஒரு திரை உண்டு, கொக்கியில் எத்தனை டன் தொங்குகிறது என்று காட்டும். ஆனால் திரையை நம்பி யாரும் சுமை தூக்குவதில்லை. காலையில் முதல் வேலை, ஐந்து டன் என்று முத்திரை அடித்த இரும்புக் கட்டியைத் தூக்கிப் பார்ப்பது. திரையும் ஐந்து என்று சொன்னால்தான் அன்றைக்கு வேலை. நேற்று சரியாகக் காட்டியது என்பதெல்லாம் செல்லாது. கீழே நின்று கையசைத்து எனக்கு வழி காட்டும் விசில் அண்ணன் அந்தக் கட்டி இறங்கும் வரை டீயைக்கூடத் தொட மாட்டார். நீ தூணின் விறைப்பு தெரியும் என்று எழுதியிருக்கிறாய். எப்படித் தெரியும்? உன் தூணில் தெரிந்த எடை எதையாவது தூக்கிப் பார்த்தாயா? என்றைக்கு?

சும்மா கேட்டேன்.

இன்னொன்று. நவம்பர் பதினாறு, சனிக்கிழமை. துறைமுக வாசலுக்கு எதிரே மஞ்சள் குடையோடு ஒருத்தி ஒரு மணி நேரம் நின்றாள். நாற்பது மீட்டர் மேலிருந்து பார்த்தால் குடைக்குக் கீழே முகம் தெரியாது. இருந்தாலும் அப்படிக் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்க உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு. நீ உள்ளே வரவில்லை. நானும் இறங்கவில்லை.

தம்பி

பிப்ரவரி 19, புதன்

தம்பி,

மேலே ஏறாதே. முதலில் அதைச் செய், பிறகு மீதியைப் படி.

காலையிலிருந்து உன் எண்ணுக்குப் பதினோரு தடவை அழைத்துவிட்டேன். வேலை நேரத்தில் உங்கள் போன் எல்லாம் வாசல் பெட்டியில் கிடக்கும் என்று தெரியும், இருந்தும் கை நிற்கவில்லை. கடைசியில் உன் மனைவியை அழைத்தேன். "அவனை நாளைக்கு ஏற விடாதம்மா, லெட்டர் வருது" என்று மட்டும் சொன்னேன். "ஏன் அண்ணி? என்ன ஆச்சு?" என்று அவள் கேட்ட குரல் காதிலேயே நிற்கிறது. கணக்குத் தப்பிவிட்டது என்றேன்.

நான் எழுதிய எண் தப்பு.

நீ எழுதிய தேதியைப் பார்த்ததும்தான் பொறி தட்டியது. நவம்பர் பதினைந்து, வெள்ளிக்கிழமை காலையில் நான் புதுத் தூண்கள் வார்த்தேன். ஊற்றிய சிலிக்கோனை அடுப்புப் பெட்டியில் வைத்து, நான்கு மணி நேரம் சூடு காட்டி, வெளியே எடுத்துவிட வேண்டும். மத்தியானம் உன் மனைவியிடமிருந்து செய்தி வந்தது, குழந்தை உண்டாகியிருக்கிறது என்று. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் உன் துறைமுக வாசலில் நின்றேன். உள்ளே வரத் தைரியம் வராமல் திரும்பினேன். திங்கள்கிழமை வந்து அச்சுகளை வெளியே எடுத்தேன். நோட்டில் "நான்கு மணி நேரம்" என்று எழுதினேன். எப்போதும் அதுதானே எழுதுவேன், கை தானாக எழுதிவிட்டது. மூன்று நாள் அவை சூட்டிலேயே கிடந்திருக்கின்றன. சிலிக்கோன் சூட்டில் இருக்க இருக்க இறுகும்.

நீ கேட்ட ஐந்து டன் கட்டி எங்களிடமும் உண்டு. மெல்லிய கண்ணாடி ஊசி ஒன்று, எவ்வளவு தள்ளினால் எவ்வளவு வளையும் என்று முன்பே கணித்து வைத்தது. புது வார்ப்பு ஒவ்வொன்றையும் அதனால் தள்ளிப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை, பழைய வார்ப்பின் எண்ணையே போட்டுக்கொண்டேன். உன் கடிதம் வந்த பிறகு உட்கார்ந்து பார்த்தேன். இருபது தூண். எல்லாமே நான் நினைத்ததைவிட ஒன்றரை மடங்கு விறைப்பு. அவ்வளவு விறைப்பான தூணையும் உன் செல் அதே அளவு சாய்த்திருக்கிறது. அப்படியானால் அது இழுத்தது இருநூற்றுப் பன்னிரண்டு இல்லை, முந்நூற்றுப் பதினெட்டு. மற்றவர்களின் செல்களை எல்லாம் பழைய வார்ப்பில் அளந்தோம், அந்த எண்கள் சரி. இந்த வார்ப்பில் ஏறியது நீ மட்டும்தான்.

ரத்து செய்த ஸ்கேனுக்குத் திரும்பத் தேதி வாங்கு. கோபத்தை எல்லாம் என் மேல் காட்டிக்கொள், அதை ஸ்கேன் மேல் காட்டாதே.

அக்கா

பிப்ரவரி 26, புதன்

தம்பி,

ஒரு வாரம் ஆகிவிட்டது. நீயும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. போன கடிதம் கிடைத்ததா என்றுகூடத் தெரியவில்லை. விரைவு அஞ்சலில்தான் போட்டேன். காலையில் எழுந்ததும் செய்தித்தாளில் துறைமுகம் என்ற சொல்லைத் தேடுகிறேன். அது இல்லையென்றால் ஒரு வாய் டீ இறங்குகிறது.

நேற்று மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதிவேட்டைப் பார்த்தது, உனக்கு எழுதியது, அடுப்புப் பெட்டி, எல்லாம். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "ஊசி வச்சுப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

"நாப்பது நிமிஷம், மேடம்."

"வேற நம்பரா இருந்தா பாத்திருப்பீங்களா?"

முந்நூறு என்று வந்திருந்தால் நூறு தடவை சோதித்திருப்பேன், தூணைக் குறை சொல்லியிருப்பேன், கேமராவைக் குறை சொல்லியிருப்பேன். இருநூற்றுப் பன்னிரண்டு எனக்குப் பிடித்த எண். அதைப் போய்க் கிளறுவானேன் என்று விட்டுவிட்டேன். இதுதான் உண்மை, இதைவிடக் கேவலமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொன்னார். சரியாக அளந்திருந்தாலும் அந்த எண்ணை நான் உனக்கு எழுதியிருக்கக் கூடாதாம். தட்டில் துடிப்பது பிஞ்சுச் செல், அதைப் பார்த்து ஒரு ஆள் பிழைப்பானா என்று சொல்ல யாராலும் முடியாதாம். "நீங்க செல்லைத்தான் அளந்தீங்க. உங்க தம்பிய அளக்கல" என்றார். பதினேழாம் எண்ணை இனி வேறொருவர் முதலிலிருந்து அளப்பார். என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நேற்றிலிருந்து கண்ணாடித் தட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வரி போதும். திட்டி எழுதினாலும் சரி.

அக்கா

மார்ச் 7, வெள்ளி

அக்காவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். செய்தித்தாளை மூடி வை.

நீ போன் செய்த அன்று சாயங்காலம் அவள் என் ஹெல்மெட்டை எடுத்து எங்கேயோ ஒளித்துவிட்டாள். காலையில் வீடு முழுக்கத் தேடினேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "தாண்டிப் போங்க பாப்போம்" என்றாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. தாண்டவில்லை. இருபத்து நான்காம் தேதி ஸ்கேனுக்குப் போனோம். என் இதயத்தின் நடுச்சுவர் இருபத்தொரு மில்லிமீட்டர். பன்னிரண்டுக்குள் இருக்க வேண்டுமாம். உனக்கு எண் பிடிக்கும் என்பதால் முதலில் அதை எழுதுகிறேன்.

டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே, "எப்பவாவது மயக்கம் வந்திருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்திருக்கிறது, அக்கா. ஜனவரி ஒன்பதாம் தேதி, கேபினில். இரும்புக் குழாய்க் கட்டு ஒன்று கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. விசில் அண்ணன் அதற்கு நேர் கீழே நடந்து போய்க்கொண்டிருந்தார். கண் இருட்டியது மட்டும் நினைவிருக்கிறது. முழித்துப் பார்த்தால் கை பிடியிலிருந்து நழுவி மடியில் கிடந்தது. பிடியை விட்டால் தானாகவே பிரேக் விழும், அதனால் கட்டு அந்தரத்தில் நின்றது. கீழே விசில் விடாமல் ஊதிக்கொண்டிருந்தது. "மேல என்ன, தூக்கமா?" என்று அவர் கத்தினார். ஆமாம் என்று சிரித்துச் சமாளித்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. குழந்தை வரப் போகிறது, அந்தக் கேபினைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது.

நான்கு வாரம் கழித்து உன் கடிதம் வந்தது. நன்றாக இருக்கின்றன என்று நீ எழுதியிருந்தாய். தப்பு என்று எனக்குப் படிக்கும்போதே தெரியும். உன் தூணில் தூக்கிப் பார்க்க வேண்டிய இரும்புக் கட்டி நான்தான், நான் ஏற்கெனவே விழுந்து எழுந்தவன். ஆனால் அவள் அழுதுகொண்டே சிரித்தாளே, அதைப் பார்த்துக்கொண்டு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. நேராகச் சொல்லத் தைரியமில்லாமல்தான் தொழில் சந்தேகம் என்று உன்னிடம் கேள்வியாக எழுதினேன். நீயே கண்டுபிடித்துச் சொல்லட்டும் என்று. உன் பதில் வரும் வரை தினமும் ஏறினேன். தினமும் விசில் அண்ணன் தலைக்கு மேல் சுமையை ஆட்டினேன். நீ நாற்பது நிமிஷ வேலையை விட்டாய். நான் என்ன செய்தேன் என்று பார். பிடித்த எண்ணைக் கிளறாமல் விட்டதில் நாம் இருவரும் அப்பாவுக்குப் பிறந்த பிள்ளைகள்தான்.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என் பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் நாள், "டீ குடிச்சியா?" என்று கேட்டார்.

இப்போது கீழேதான் வேலை. கேபினில் வேறொருவர் ஏறுகிறார், நான் ஒரு ஓரத்தில் நின்று கையசைக்கக் கற்றுக்கொள்கிறேன். மாத்திரை தொடங்கியாயிற்று. தாளம் தப்பினால் உடனே தட்டி எழுப்புகிற சின்னக் கருவி ஒன்றை அடுத்த மாதம் நெஞ்சுக்குள் வைக்கிறார்கள். குழந்தை பிறந்த பிறகு அதன் இதயத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். அதைச் சொன்னபோதுதான் அவள் உடைந்து போனாள். உன் போனை அவள் எடுக்காததற்குக் கோபம் காரணமில்லை. எடுத்தால் அழுதுவிடுவாளாம், நீ ஏற்கெனவே பயந்து போயிருக்கிறாய் என்று சொல்கிறாள்.

இப்போது நான் கேட்க வேண்டியது. அப்பாவுக்கு நாம் இரண்டு பிள்ளைகள். நவம்பரில் நீ திரும்பிப் போகும்போது சாலையைக் கடக்க மேம்பாலப் படி ஏறினாய். மூன்று இடத்தில் நின்றாய். நின்ற இடத்திலெல்லாம் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாய். எதையும் எடுக்கவில்லை. மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு அதெல்லாம் நன்றாகத் தெரியும். அளப்பவர் கொடுக்கக் கூடாது என்ற விதியை நீ எழுதியிருக்கிறாய். அது உங்கள் சோதனைக்கூடத்து விதி. ஆஸ்பத்திரியில் போய் நெஞ்சைக் காட்டக் கூடாது என்று உனக்கு யார் விதி போட்டது?

உன் எண் என்ன, அக்கா?

தம்பி

மார்ச் 17, திங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். நீல நாற்காலிகள், சுவரில் ஓடாத கடிகாரம் ஒன்று. எனக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள், இப்போது ஒருவர். இரண்டாம் மாடி, படியில் ஏறித்தான் வந்தேன். இரண்டு இடத்தில் நின்றேன். பையைத் திறக்கவில்லை. சும்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், போகிறவர்கள் பார்க்கட்டும் என்று.

படி ஏறினால் இப்படி மூச்சு வாங்குவது எனக்கு நான்கு வருடமாக இருக்கிறது. அப்பா போவதற்கு முன்பிருந்தே. அவர் விழுந்த அன்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அதனால்தான் ஒன்பதாம் நாளே ஐஸ் பெட்டியோடு ஓடி வந்தேன். உன்னுடையதை அளந்துகொண்டிருக்கும் வரை என்னுடையதை யாரும் கேட்க மாட்டார்கள். அந்தச் சட்டை கொடியில் காய்ந்ததை நானும் பார்த்தேன், தம்பி. பார்த்துக்கொண்டேதான் உன் கையைக் கேட்டேன். என்னை மன்னித்துவிடு.

பயமாக இருக்கிறது. ஆயிரக்கணக்கான செல் பார்த்தவள், என் எண்ணைக் கேட்க இன்றுதான் முதல் தடவை வந்திருக்கிறேன்.

நர்ஸ் கதவைத் திறந்து என்னைப் பார்க்கிறாள். இதை இங்கேயே அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போகிறேன். உனக்குக் கிடைக்க மூன்று நான்கு நாள் ஆகும், அதற்குள் என் எண் தெரிந்துவிடும். அதைக் கடிதத்தில் எழுத மாட்டேன். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, உன் வேலை முடிந்து போன் உன் கைக்கு வந்ததும், கூப்பிடுகிறேன். மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்தாலும் வரட்டும்.

எடு.

அக்கா